விற்கத் தெரிந்த எனக்குத் தம்பியை மாற்றத் தெரியவில்லையே!

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 32. தொலைபேசி வழியாகப் பயிற்சி வகுப்புகளை விற்கும் ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பேசுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறார்கள். அதை வரி பிசகாமல் பேசினால் டார்கெட்டை எட்டிவிடலாம். போன மாதம் டீமிலேயே அதிகம் விற்றவர் இவர்தான். எல்லோரும் கைதட்டிய 2 நாள் கழித்து, ஓராண்டு வகுப்புக்குப் பணம் கட்டியிருந்த பெரியவர் ஒருவர் திரும்ப அழைத்திருக்கிறார். திட்டவில்லை. "என் பொண்ணு மாதிரி பேசினியேம்மா, அதான் சரின்னுட்டேன். இப்ப வீடியோவைத் திறந்து பார்த்தா எனக்கு ஒண்ணுமே புரியலை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று முதல் ஸ்கிரிப்ட்டைத் திறந்தாலே இவருக்கு வாய் வரவில்லை. டீம் லீடரிடம் சொன்னதற்கு, "நாய் வித்த காசு குரைக்கவா போகுது? அடுத்த போன் காலை எடுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், வீட்டில் தம்பி. குறிப்பிட்ட ஒரு சமூகத்தாரைப் பற்றி வெறுப்பைக் கிளப்பும் வீடியோக்களை நாள் முழுக்கப் பார்க்கிறார். பார்ப்பதோடு நிற்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார். அக்காவோ ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடி, அதே குழுவில் மறுத்து எழுதியிருக்கிறார். 3 மாதம் ஆயிற்று. தம்பி மாறவில்லை, அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

கடைசிப் பத்தியை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "முன்பின் தெரியாதவரை 20 நிமிடத்தில் சம்மதிக்க வைக்கிறேன். கூடப் பிறந்தவனை 3 மாதமாக அசைக்க முடியவில்லை. நான் செய்வதும் அந்த வீடியோக்காரர்கள் செய்வதும் ஒன்றுதானா? அவன் இன்ஜினியரிங் படித்தவன். அவனே ஏமாறுகிறான் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்கு நடுவே விளம்பரம் காட்டுவார்கள் என்கிறார்களே, அப்படி ஏதாவது செய்கிறார்களா? யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்காத, தகவலை மட்டும் சொல்கிற வேலைக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டீம் லீடர் சொன்ன பழமொழி பழையதுதான். ஆனால் உங்களுக்குக் குரைப்புச் சத்தம் கேட்டிருக்கிறதே! கேட்டதால்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் நீங்கள் கொஞ்சம் தப்பான திசையில் பார்க்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தகவலை மட்டும் சொல்கிற, யாரையும் எந்தப் பக்கமும் சாய்க்காத வேலை என்று ஒன்று உண்டா? 1982-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு சாராரிடம், அறுவை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் முதல் கட்டத்தைத் தாண்டிப் பிழைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். மற்றவர்களிடம், 100-க்கு 10 பேர் இறக்கிறார்கள் என்றார்கள். கணக்கு ஒன்றேதான், ஆனாலும் 'இறக்கிறார்கள்' என்று கேட்டவர்களில் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நன்றாகக் குறைந்துபோனார்கள். அந்தச் சாய்வுக்கு மருத்துவர்களும் தப்பவில்லை. இரண்டில் ஏதாவது ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எதைச் சொன்னாலும் கேட்பவர் ஒரு பக்கம் சாய்வார்.

நானும் என் ஆலோசனை அறைக்குள் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவரிடம், குடியை விட முடியவில்லை என்று வருபவரிடம், நான் பேசுவது எல்லாமே இணங்கவைக்கும் பேச்சுதான். அதற்காக எனக்குக் கூச்சமில்லை.

எங்கே கூச வேண்டும்? தமிழில் இதற்குச் சொற்கள் நிறைய இருக்கின்றன: எடுத்துச் சொல்வது, இணங்கவைப்பது, பேசிக் கரைப்பது, மசியவைப்பது, வற்புறுத்துவது, மூளைச்சலவை செய்வது. மற்றவர் தாமே யோசிக்க எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதை வைத்து இவற்றை வரிசைப்படுத்திவிடலாம். நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்றுதான். நான் செய்துகொண்டிருப்பதை எதிரில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொன்னால், அதற்குப் பிறகும் அது வேலை செய்யுமா? "பயந்தால் நீங்கள் மாத்திரை சாப்பிடுவீர்கள் என்றுதான் இந்த அபாயத்தைச் சொல்கிறேன், அபாயம் உண்மையானது" என்று நோயாளியிடம் நான் சொல்லலாம். ஒன்றும் கெட்டுப்போகாது. சொன்ன மாத்திரத்தில் புஸ்ஸென்று போய்விடும் உத்தி என்றால் அது ஏமாற்றுதான்.

உங்கள் ஸ்கிரிப்ட், வரிவரியாக

கடிதத்தோடு ஸ்கிரிப்ட்டையும் இணைத்திருந்தீர்கள். அதை 2 தடவை படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர்.

"சார், ஒரு 2 நிமிஷம் பேசலாமா?" என்று தொடங்குகிறது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்களே, அதை 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் அளந்தே பார்த்தார்கள். வீட்டு முற்றத்தில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகையை நட்டுக்கொள்ள அனுமதி கேட்டபோது 100-க்கு 17 பேர்தான் சரி என்றார்கள். இன்னொரு சாராரிடம் 2 வாரம் முன்பே போய், பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிய ஒரு சின்ன அட்டையை ஜன்னலில் ஒட்டக் கேட்டிருந்தார்கள். அதற்குச் சரி சொன்னவர்களிடம் அதே பெரிய பலகையைக் கேட்டபோது 76 பேர் சம்மதித்தார்கள். சின்ன அட்டையை ஒட்டியதும் 'நான் இப்படிப்பட்ட காரியங்களுக்கு உதவுகிற ஆள்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிறகு அந்த எண்ணத்துக்கு உண்மையாக இருக்கப் பார்க்கிறோம். உங்கள் வரிக்கு வருவோம். அந்த 2 நிமிடம் 20 நிமிடம் ஆகிறது என்பதைத் தவிர இதில் பெரிய குற்றம் இல்லை. "20 நிமிஷம் ஆகும் சார்" என்று சொல்லித் தொடங்கிப் பாருங்கள். சிலர் வைத்துவிடுவார்கள்தான்.

அடுத்தது, கேட்காமலே அனுப்பும் இலவசக் கையேடு. செஞ்சோற்றுக் கடன் கதை. 1971-ல் டென்னிஸ் ரீகன் செய்த சோதனையில், கேட்காமலே ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தவரிடம் மக்கள் ஏறக்குறைய 2 மடங்கு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். அவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுகூட அங்கே பெரிதாக எடுபடவில்லை. கையேடு நல்ல கையேடாக இருந்தால் இதுவும் போகட்டும். "இத்தனை பேர் சேர்ந்திருக்காங்க" என்ற வரியும் எண்ணிக்கை உண்மையாக இருக்கும்வரை சரிதான்.

"மொத்தமா பார்க்காதீங்க சார், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வருது" என்ற வரி கெட்டிக்காரத்தனமானது. ஏன் என்பதற்கு 1978-ல் எலன் லாங்கர் குழு வெளியிட்ட நகல் இயந்திர ஆய்வு நல்ல உதாரணம். வரிசையில் நிற்பவரிடம் "5 பக்கம்தான், நான் முன்னால் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் 60 சதவீதம் பேர் விட்டார்கள். "ஏனென்றால் நான் நகல் எடுக்க வேண்டும்" என்று அர்த்தமே இல்லாத காரணத்தைச் சேர்த்தபோது 93 சதவீதம் ஆயிற்று. விற்பனைப் பயிற்சிகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எந்தக் காரணத்தையும் சொல்லி யாரையும் மயக்கலாம் என்று பாடம் எடுப்பார்கள். ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதே ஆட்கள் 20 பக்கம் என்று கேட்டபோது, அந்த வெற்றுக் காரணம் 24 சதவீதத்தில் நின்றது. காரணமே சொல்லாதபோதும் அதே 24தான். கேட்பது பெரிதானால் மனம் விழித்துக்கொள்கிறது. ஓராண்டுத் தொகையை நாள் கணக்கில் உடைத்துச் சொல்வது எதற்கு என்று இப்போது புரிகிறதா? விழித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் தாலாட்டுப் பாடுவதற்கு! மொத்தத் தொகையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் நாள் கணக்கைச் சொன்னால் இந்த வரிக்கும் மன்னிப்பு உண்டு.

மன்னிப்பே இல்லாதவை இரண்டு வரிகள். முதலாவது: "உங்க பேர்ல ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன் சார். ராத்திரி 8 மணிக்கு மேல வேற ஒருத்தருக்குப் போயிடும்." ஏற்கெனவே பதிவுசெய்து வைத்த வீடியோதானே? அதில் என்ன இடம், என்ன 8 மணி? என் சோதனையை வைத்துப் பாருங்கள். "இடம் என்று ஒன்றும் கிடையாது, உங்களை அவசரப்படுத்தத்தான் சொல்கிறேன்" என்று சொன்னால் யாராவது பணம் கட்டுவார்களா? இது உத்திகூட இல்லை, பொய்.

இரண்டாவது வரி அதைவிட மோசம். வாடிக்கையாளர் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் நீங்கள் சொல்ல வேண்டியது: "உங்க முடிவை எடுக்க உங்களுக்கு இன்னொருத்தர் அனுமதி வேணுமா சார்?" அந்தப் பெரியவரும் "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே" என்று சொன்னதாகவும், நீங்கள் இந்த வரியைச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேனாவை எடுத்து இந்த ஒரு வரியை மட்டும் வட்டமிட்டேன். மற்ற வரிகள் எல்லாம் அவரை உங்கள் பக்கம் இழுத்தன. இது அவரை அவருடைய ஆட்களிடமிருந்து பிரித்தது. தன்மானத்தைச் சீண்டி, யோசனை கேட்கும் கதவைச் சாத்தியது. 'பொண்ணு மாதிரி' பேசிய குரலில் இது வந்தது என்பதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர், இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய 3 ஆண்டுகள் விற்பனைப் பயிற்சிகளில் ரகசியமாகப் போய் உட்கார்ந்தார். கைம்மாறு, சொன்ன சொல்லில் நிற்பது, பலர் செய்வதைச் செய்வது, பிடித்தவருக்கு இணங்குவது, அதிகாரத்துக்குப் பணிவது, கிடைக்காமல் போய்விடும் என்ற பதற்றம் என்று 6 வழிகளைப் பிரித்து 1984-ல் நூலாக்கினார். 6-ம் உங்கள் ஒரு தாளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் நான் வட்டமிட்ட அந்த வரி, பட்டியலில் எதிலும் சரியாக அடங்கவில்லை. அது வேறு ஊர்ச் சரக்கு. எந்த ஊர் என்று பார்ப்போம்.

நீங்களும் அந்த வீடியோக்காரர்களும்

'பிராபகண்டா' என்ற சொல் பிறந்தபோது அதில் கறையில்லை. 1622-ல் போப் 15-ம் கிரகோரி சமயப் பரப்பலுக்காக ஒரு சபையை நிறுவினார். அதன் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது. நம் 'பிரசாரம்' இன்றைக்கும் தேர்தல் பிரசாரம், சுகாதாரப் பிரசாரம் என்று இரண்டு பக்கமும் நிற்கிறது. கறை படிந்தது உலகப் போர்களில்.

1929-ல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தின்போது இளம்பெண்கள் சிலர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சிகரெட்டைப் பற்றவைத்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது அப்போது அசிங்கமாகக் கருதப்பட்ட காலம். பெண் விடுதலையின் சுடர்கள் என்று செய்தி பரவியது. ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் பிராய்டின் உறவினர். அவருக்குப் பணம் கொடுத்தது ஒரு புகையிலை நிறுவனம். விளம்பரமாகச் செய்திருந்தால் பார்ப்பவர் 'விளம்பரம்தானே' என்று கடந்திருப்பார். யார் பேசுகிறார்கள் என்பதை மறைத்ததில்தான் சூட்சுமம். நீங்கள் குறைந்தபட்சம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறீர்கள்.

உங்கள் தம்பி பார்ப்பவை இதற்கும் ஒரு படி மேலே. 1993-ல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. நல்ல பாட்டு, கிண்டல், இளைஞர்களுக்குப் பிடித்த பேச்சு என்று கலகலப்பாக இருக்கும். நடுநடுவே அந்நாட்டின் சிறுபான்மை இனமான துட்சி மக்களைக் 'கரப்பான்பூச்சிகள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1994-ல் இனப்படுகொலை நடந்தபோது யாரைத் தேட வேண்டும் என்பதையே அந்த வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதன் நிறுவனர்களில் இருவரைத் தண்டித்தது. முதலில் மாறியது ஒரு சொல். மனிதனை மனிதன் என்று சொல்வது நின்றது. தம்பியின் வீடியோக்களில் அந்தச் சமூகத்தாரைக் குறிக்க என்ன சொல் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

ஆக, நீங்களும் அவர்களும் ஒன்றா? இல்லை. ஒரு விற்பனை அழைப்பு ஒரு கையெழுத்தைக் கேட்கிறது, கிடைத்ததும் போய்விடுகிறது. வெறுப்புப் பிரசாரம் கேட்பது அணையாத ஒரு பயத்தை. நாளைக்கும் கேட்கும், மறுநாளும் கேட்கும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் நீங்கள் இருவரும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறீர்கள். "மற்றவர்கள் சொல்வதை நம்பாதே, எல்லாம் விலைபோனவை, நாங்கள் மட்டும்தான் உண்மை சொல்கிறோம்" என்று அந்த வீடியோ சொல்கிறது. "வீட்டில் கேட்க வேண்டுமா சார்?" என்று உங்கள் ஸ்கிரிப்ட் கேட்கிறது. நான் வட்டமிட்ட வரி வந்த ஊர் அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1957-ல் ஜேம்ஸ் விக்காரி என்ற விளம்பர ஆலோசகர், சினிமா ஓடும்போது கண்ணுக்குப் படாத வேகத்தில் வாசகங்களைக் காட்டியதில் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேல் எகிறியது என்று அறிவித்தார். உலகமே அரண்டது. 1962-ல் அவரே அதை ஒரு வித்தை என்று ஒப்புக்கொண்டார். வியாபாரம் படுத்திருந்த தன் கம்பெனியைத் தூக்கிவிடச் செய்த காரியம் அது. 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் வதந்தி மட்டும் சாகவில்லை. தம்பியிடம் வேலை செய்வதற்கு மாயம் எதுவும் தேவையில்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தே, திரும்பத் திரும்ப வந்தாலே போதும்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரு வாக்கியத்தை முன்பே கேட்டிருந்தால் அது உண்மை போலத் தோன்றுகிறது என்று 1977-லேயே ஆய்வு வந்துவிட்டது. 2015-ல் லிசா ஃபேசியோவும் சகாக்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: சரியான விடை தெரிந்தவர்கள்கூட, பொய்யைத் திரும்பக் கேட்டபோது அதை முன்பைவிட உண்மையாகக் கருதினார்கள். ஆகவே 'படித்தவன் ஏமாற மாட்டான்' என்பதை விட்டுவிடுங்கள். இந்த 6 வழிகளையும் பாடமாக நடத்துகிறவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் 'இன்று கடைசி நாள்' என்ற ஒரு சந்தாவில் சேர்ந்து, ஒருமுறைகூடத் திறக்காமல் ஓராண்டு பணம் கட்டினேன். அந்தக் கடைசி நாள் அடுத்த மாதமும் வந்தது.

தம்பியிடம் என்ன செய்வது

போனில் நீங்கள் முதல் 10 நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். கேட்கிறீர்கள். அவருக்கு என்ன கவலை, என்ன ஆசை, எதற்குத் தயங்குகிறார் என்று கேட்கிறீர்கள். தம்பியிடம் 3 மாதத்தில் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. சித்தப்பா, அத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் ஆதாரத்தை எடுத்து முகத்தில் வீசியிருக்கிறீர்கள். அங்கே அவர் 'ஆமாம் அக்கா, தப்புதான்' என்று சொல்லியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஒருவருடைய சுதந்திரத்தில் கைவைப்பதாக அவருக்குத் தோன்றினால், அவர் அந்த நிலையையே இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே இதை எழுதிவிட்டார். வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோயாளிகளோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து வேறொரு வழியை முன்வைத்தார். ஆலோசகர் மாற்றத்துக்காக வாதாடினால் நோயாளி மாறாமல் இருப்பதற்காக வாதாடுவார். அதனால் மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. என் அறையில் நான் தினமும் செய்வது இதைத்தான்.

குழுவில் மறுப்பு எழுதுவதை நிறுத்துங்கள். அடுத்தவர் உயிருக்கு ஆபத்தான வதந்தி என்றால் மட்டும் ஒரே வரியில் 'இது பொய்' என்று போட்டுவிட்டு நகருங்கள். அப்புறம் தம்பியோடு வேறு ஏதாவது பேசத் தொடங்குங்கள். வீடியோ பேச்சே வேண்டாம். சில வாரம் போகட்டும். அந்தப் பேச்சை அவராகவே எடுக்கும் நாளில், "இதுல உனக்கு ரொம்பக் கவலையா இருக்கிறது எதுடா?" என்று கேளுங்கள். பதில் வேலை கிடைக்காத பயமாக இருக்கலாம், யாரோ அவமானப்படுத்திய கோபமாக இருக்கலாம். அதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இன்னொரு கேள்வியும் உண்டு: "10-க்கு எவ்வளவு நம்புற?" 7 என்பார். "ஏன் 10 இல்ல?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மீதி 3-க்கான காரணங்களை அவரே சொல்வார். நீங்கள் தேடிப்பிடித்த ஆதாரம் அத்தனையையும்விட அவை அவருக்கு நெருக்கமானவை.

உங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு மருந்தும் உண்டு. 1960-களில் வில்லியம் மெக்குவையர், தடுப்பூசியைப் போல ஏமாற்றுப் பேச்சின் ஒரு சிறு அளவை முன்கூட்டியே காட்டி உடைத்துவிட்டால், பிறகு வரும் பெரிய தாக்குதலை மனம் சமாளிக்கும் என்று காட்டினார். தம்பிக்கு உங்கள் ஸ்கிரிப்ட்டைக் காட்டுங்கள். "நான் இப்படித்தான்டா ஒரு பெரியவரைச் சம்மதிக்க வச்சேன். இந்த வரி இதுக்கு, அந்த வரி அதுக்கு" என்று சொல்லுங்கள். 'உன் வீடியோவும் இப்படித்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த இணைப்பை அவரே போட்டுக்கொள்ளட்டும். போடாமலும் போகலாம். உங்கள் விற்பனைத் திறமையை அவர்மேல் பிரயோகிக்கும் சபலம் வரும், வேண்டாம். 20 நிமிடத்தில் வாங்கிய சம்மதம் எப்படித் திரும்பி வந்தது என்று பார்த்துவிட்டீர்களே.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். யாரையாவது தாக்குவது பற்றித் தம்பி பேசினால், அல்லது அப்படித் திட்டமிடும் குழுவில் இருப்பதாகத் தெரிந்தால், பொறுமையாகக் கேட்கும் வேலையெல்லாம் அங்கே முடிந்தது. பெரியவர்களுக்கும் தேவைப்பட்டால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டியதுதான்.

வேலையும் அந்தப் பெரியவரும்

உடனே ராஜினாமா கடிதம் எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. கடன் தவணை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குற்றவுணர்வில் எடுக்கும் முடிவு, 8 மணி கெடுவைப் போன்றதுதான். முதலில் அந்த இரண்டு வரிகளை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் பேசிப் பாருங்கள். விற்பனை எவ்வளவு குறைகிறது, எத்தனை பேர் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள் என்ற இரண்டையும் குறித்துவையுங்கள். திரும்பக் கேட்பவர்கள் குறைந்தால், மேலாளரிடம் பேச உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப் பேச்சாக வேண்டாம். 'இடம் குறைவு என்று சொல்வதில் உண்மை இல்லையே, சொல்லத்தான் வேண்டுமா?' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு. தெரிந்தே பொய் சொல்லி விற்றது நாளை வழக்கானால் 'ஸ்கிரிப்ட்டில் இருந்தது' என்ற பதில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. வாடிக்கையாளர் விவரங்களை ஆதாரம் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். அது தனிக் குற்றமாகலாம்.

பொய் சொன்னால்தான் சம்பளம் என்று அவர்கள் தெளிவாகவே சொல்லிவிட்டால் வேறு இடம் தேடுங்கள். உங்கள் திறமைக்கு வேலை நிறைய இருக்கிறது. புகைபிடிப்பதைக் கைவிட உதவும் தொலைபேசி ஆலோசனை, இரத்த தான அழைப்பு, நன்கொடை திரட்டல், நோயாளிகள் சிகிச்சையைத் தொடர்கிறார்களா என்று பின்தொடரும் பணி என எல்லாமே இணங்கவைக்கும் வேலைகள்தான்.

பெரியவர் விஷயம்தான் அவசரம். பணம் கட்டிய தேதியை இன்றே பாருங்கள். நேரில் போய்ப் பார்க்காமல், போனிலோ இணையத்திலோ வாங்கியதை ரத்து செய்ய பல நாடுகளில் அவகாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 14 நாள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். சில வகை வாங்கல்களுக்கு விலக்குகளும் உண்டு, பதிவுசெய்த வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் இடங்களும் உண்டு. அமெரிக்கக் கூட்டரசு விதி 3 வேலை நாள் தருகிறது, ஆனால் அது வீடு தேடி வந்து விற்பது போன்றவற்றுக்குத்தான். உங்கள் இடத்தில் என்ன சட்டம், உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ரத்து பற்றி எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு அவரை அழையுங்கள். அந்த விற்பனைக்கு உங்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை திரும்பப் போகும், அதற்கும் தயாராக இருங்கள்.

மன்னிப்பு கேட்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம், அவர் பதறுவார். எந்தத் தேதிக்குள், யாருக்கு, என்ன எழுத வேண்டும் என்பதை மெதுவாகச் சொல்லி, அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய மகன் வீட்டில் இருக்கும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் அழையுங்கள்.